சவரமும் ஷவரும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவத்தைத் தரிசிப்பதற்காகக் கனடாவிலிருந்து வந்து எங்கள் வீட்டிலே தங்கியிருந்த மருமகப் பிள்ளை, ஒருநாட் காலை மூன்று நாள் தாடியோடு குளியலறைக்குட் சென்று, கால் மணி நேரங் கழித்து மழமழவென்ற முகத்தோடும் ஈரத் தலையோடும் வெளியே வந்ததைக் கண்ட என் தமையனார், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "என்ன தம்பி, தோய்ஞ்சு போட்டோ சேவ் எடுக்கிறது? சேவ் எடுத்துப்போட்டெல்லோ தோயவேணும்!" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்டாத்தான் மாமா நடந்தது, ஷவருக்குக் கீழை நிண்டே வழிச்சுப்போட்டன்" என்றான் அவன். தமையனார் அதற்குமேல் ஒன்றும் பேசாமல், குளியலறைக் கதவை ஒருமுறையும் முற்றத்துக்கு அப்பாலுள்ள கிணற்றடியை ஒருமுறையும் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே எழுந்த இந்தச் சிறு வழக்கிலே நியாயம் யார் பக்கம் என்று விசாரிக்கப் புகுந்தபோதுதான், முகத்தை வழிப்பதாகிய இந்தச் சாமானிய காரியத்துக்குள்ளே மயிரின் இயல்பும், உருக்கின் இயல்பும், எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லின் இயல்பும், எங்கள் சமூகத்தின் இயல்புங்கூட ஒளிந்து கிடப்பது எனக்குப் புலப்பட்டது.

முதலிலே சொற்களைப் பார்ப்போம். வடமொழியிலே க்ஷுரம் என்றால் முகம் வழிக்கும் கத்தி. அக்கத்தியாற் செய்யப்படுவது க்ஷௌரம். அதுவே தமிழ் வாயிலே சவரமாயிற்று. தமிழ்நாட்டார் சோப்பு என்பதை யாழ்ப்பாணத்தார் சவர்க்காரம் என்பர். உப்புக் கரிக்கும் கிணற்று நீரைச் சவர்த் தண்ணீர் என்பர். குளியலறை வந்தபின், தலைக்கு மேலிருந்து நீர் பொழியும் ஷவரையும் எங்கள் கிழவிமார் சவர் என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். சவரத்துக்கும் மற்றவற்றுக்கும் பிறப்பிலே உறவொன்றும் இல்லை. ஆயினும் இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பேசாமல் எங்கள் ஊரிலே முகம் வழிப்பதைப் பற்றிப் பேச இயலாது என்பதை வாசகர்கள் போகப்போக உணர்வார்கள்.

தமையனாரின் கட்சி, சம்பிரதாயத்தின் கட்சி. சவரம் முன், ஸ்நானம் பின் என்பது எங்களிடையே எழுதாத விதி. தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தவன் படலையைத் திறந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் முழுகிய பின்னரே வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கவேண்டும் என்பதும், வழியிலே எதையும் தொடலாகாது என்பதும், சிறு பிராயத்திலே எங்களுக்கு எழுத்தறிவுக்கு முன்னரே புகட்டப்பட்ட பாடங்கள். பஞ்சாங்கமும் க்ஷௌரத்துக்கு ஏற்ற நாள்களையும் விலக்க வேண்டிய நாள்களையும் பிரித்துக் காட்டுகிறது. இவ்விதி தன் முழு உருவத்தோடும் விளங்குகின்ற இடம் கீரிமலை ஊற்று. தந்தையையோ தாயையோ இழந்த மகன், துக்க காலம் முழுவதும் வளரவிட்ட தாடியோடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கடலோரத்திலுள்ள அவ்வூற்றுக்குச் சென்று, சவரஞ் செய்துகொண்டு, பின் நீரில் அமிழ்ந்து எழுகிறான். தாடியோடு துக்கத்தின் வெளி அடையாளம் நீங்க, முழுக்கோடு தீட்டு நீங்குகிறது. கீரிமுகத்தோடு அங்கு வந்த நகுல முனிவர் அத்தீர்த்தத்திலே ஆடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்றும், குதிரைமுகத்தோடு வந்த சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லியும் அவ்வாறே தன் முகம் பெற்றாள் என்றும் ஐதிகம் சொல்கிறது. முகத்தைத் திருத்துவது நீரே என்ற கருத்து எங்கள் நாட்டின் புராணத்திலேயே பதிந்திருக்கின்றதென்றால், சவரத்தைப் பற்றிய இந்த வழக்கையும் நீரிடமே கொண்டுபோவதுதான் முறை.

மருமகனின் கட்சி, மயிர்நூலின் கட்சி. மயிர் என்பது கெரற்றின் என்னும் புரதத்தாலாகிய நார். உலர்ந்திருக்கும்போது அது விறைப்பானது. நீர் உள்ளே புகுந்தவுடன், அப்புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று தளையிட்டு வைத்திருக்கின்ற ஐதரசன் பிணைப்புகள் நெகிழ்கின்றன. மயிர் நீளத்திலே சிறிதளவே கூடினாலும், விட்டத்திலே ஏறத்தாழ நூற்றுக்குப் 15 பங்கு பருக்கிறது. பருத்தும் மெலிவுற்ற அந்த மயிரை வெட்டுவதற்கு, உலர்ந்த மயிரை வெட்டும் விசையிலும் மிகக் குறைந்த விசையே போதும். ஆனால், நீர் நொடிப்பொழுதில் உட்புகுவதன்று. முகத்திலே சுரக்கின்ற எண்ணெய்ப்பசை மயிரைப் போர்த்தி நீரைத் தடுக்கின்றது. சவர்க்காரம் அந்தப் போர்வையை அகற்ற, அதன்பின் இரண்டு மூன்று நிமிஷமாவது ஈரம் தங்கினாற்றான் மயிர் நன்றாக இளகும். இளஞ்சூட்டு நீரானால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். முகத்தை அவசரமாக நனைத்து, நுரையைப் பூசி, உடனே அலகை ஓட்டுகிறவன், உண்மையில் உலர்ந்த தாடியையே வழிக்கிறான். ஆகவே, ஷவருக்குக் கீழே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுக் கத்தியை எடுப்பவனுக்கு, கத்தி இழுபடாமல் வழுக்கிக்கொண்டு போகிறதென்றால், அதிலே மாயம் ஒன்றும் இல்லை. அவனை அறியாமலே நீருக்கு அவன் கால அவகாசம் கொடுத்திருக்கிறான்.

அப்படியானால் முன்னோர் அறியாமையினாலா சவரத்தை முன்னும் முழுக்கைப் பின்னும் வைத்தார்கள்? இங்கேதான் பழைய நாவிதரின் கையை நினைத்துப் பார்க்கவேண்டும். பூச்சு நுரையும் குழம்பும் வருவதற்கு முந்திய காலத்திலே, அவர் ஒரு சிறு கிண்ணத்திலே தண்ணீரை வைத்துக்கொண்டு, எதிரே குந்தியிருப்பவரின் கன்னத்திலும் மோவாயிலும் அதைத் தொட்டுத் தொட்டு, உள்ளங்கையாலும் பெருவிரலாலும் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். கதையின் நீளமே ஊறலின் நீளம். வெறுந் தண்ணீரைக் கொண்டு, பொறுமையையே சவர்க்காரமாக்கி, தாடியை நன்றாக இளக்கிய பின்னரே தீட்டுக்கல்லிலும் தோலிலும் தீட்டிய கத்தியை எடுப்பார். எனவே, பழைய முறையிலும் நீர் முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. முன்னது தாடிக்கு, பின்னது உடம்புக்கு. அந்த முன்நீரை மறந்து பின்நீரை மாத்திரம் விதியாக வைத்துக்கொண்டது நாவிதரின் கைப் பக்குவத்தை இழந்த எங்கள் தலைமுறையின் பிழையேயன்றி முன்னோர் பிழையன்று.

நாவிதர் என்று சொல்லிவிட்டு, கிணற்றடியிலே நடந்த அநியாயத்தைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலே பரியாரி என்ற சொல் வைத்தியரையும் குறித்தது, நாவிதரையும் குறித்தது. புண்ணைக் கழுவியதும் கட்டியைக் கீறியதும் ஒரு காலத்தில் அவர் கைகளே. அவ்வளவு நெருக்கமாக ஒருவனுடைய கழுத்திலே கத்தி வைக்கும் நம்பிக்கைக்கு உரியவரை, வீட்டுக்குள் விடாமல் முற்றத்திலும் மரநிழலிலும் நிறுத்தினார்கள். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட சமூகங்களோடு சேர்த்து அவருக்கும் கிணறு மறுக்கப்பட்டது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் இலங்கையில் வந்த பின்னரும், வழக்கம் சட்டத்துக்கு உடனே கீழ்ப்படிந்துவிடவில்லை. சவரம் வீட்டுக்கு வெளியே நிகழ வேண்டும் என்று நாம் போற்றுகின்ற ஆசாரத்திலே சுகாதாரம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் கடமை.

வீடு வீடாகச் சென்று செய்த குடிமைத் தொழில், பட்டினத்துச் சலூனாக மாறியபோது நிகழ்ந்த விடுதலை சாதாரணமானதன்று. சலூனிலே நாற்காலி ஒன்றே. அதில் அமர்பவர் யாராயினும் தம் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். கூலி நெல்லாக அல்லாமற் காசாக வரும். அந்தச் சுதந்திரத்தின் உச்சமாக யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனைச் சொல்லவேண்டும். அங்கு தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966இல் மல்லிகை என்னும் இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, பல தசாப்தங்கள் அதனை நடத்தினார். அவருடைய தண்ணீரும் கண்ணீரும் என்ற சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தண்ணீருக்கும் கண்ணீருக்கும் இடையிலுள்ள உறவு எங்கள் நாட்டிலே எழுத்தாளன் கற்பனை செய்துகொண்ட உவமையன்று.

முகம் வழிக்கும் தொழிலை ஒவ்வொருவனும் தன் கையிலே எடுத்துக்கொள்வதற்கு வழிசெய்தவர் அமெரிக்கரான கிங் காம்ப் கில்லெற். மெல்லிய உருக்குத் தகட்டை இருபுறமும் கூராக்கி, கழுத்தை அறுத்துவிடாதபடி காப்புள்ள பிடியொன்றிலே பொருத்தி, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்ற அவருடைய யோசனைக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. விற்பனை தொடங்கிய 1903இல் விற்றவை 51 பிடிகளும் 168 அலகுகளும் மாத்திரமே. முதலாம் உலக மகாயுத்தத்திலே அமெரிக்கப் படைவீரருக்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட பின்னரோ உலகமே தன் முகத்தைத் தானே வழிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டிலே அந்தச் சாதனம் தகப்பனாரின் சேவிங் செற்றாக வந்து சேர்ந்தது. துலாவின் ஆடுகாலிலே ஆணியடித்துக் கைக்கண்ணாடியை மாட்டி, கிணற்றுக் கட்டிலே செம்பும் நுரை பூசும் குச்சமும் வைத்து, கிழக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று அவர் வழிப்பார். மார்கழிப் பனியிலே வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போதும் நிலத்தடியிலிருந்து அப்போதுதான் அள்ளிய நீர் இளஞ்சூடாக இருக்கும் என்பதை நான் முதன்முதலில் அறிந்தது, அவர் விளையாட்டாக என் கன்னத்திலே தடவிய அந்த நீரினாலேதான். அலகு மழுங்கினால், கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் முன்னும் பின்னும் தேய்த்து இன்னும் இரண்டு நாளைக்கு அதை உழைக்கச் செய்வார். கடைசியில் வெட்டுக் காயத்துக்குச் சீனக்காரம். அதன்பின் இருபது வாளித் தண்ணீர்.

மயிரை விட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமான உருக்கு, அந்த மயிரினாலேயே ஏன் மழுங்குகிறது என்ற கேள்விக்கு 2020இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் விடை கண்டார்கள். அவர்களுள் ஒருவர் தம் முகத்தையே வழித்து, அலகின் விளிம்பை நுண்காட்டியிலே பார்த்தபோது, அது தேய்ந்து உருண்டிருந்ததிலும் அங்கங்கே பொடிப் பொடியாகச் சில்லு பெயர்ந்திருந்ததே அதிகமாகத் தென்பட்டது. மயிர் நேராக நின்று வெட்டுப்படாமல் வளைந்து கொடுக்கும்போது, உருக்கின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்திலே விளிம்பு பிளவுபடுகின்றது. இதனோடு ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் துருவும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. துருப்பிடியா உருக்கில் அலகுகள் 1960களின் தொடக்கத்தில் வந்து இந்தக் குறையைப் பெரிதும் குறைத்தாலும், முற்றாக நீக்கவில்லை. அலகை நாள் முழுதும் ஷவரடியிலே தொங்கவிடுவோர், அதனை வழிக்கும் நேரத்தைவிட வழிக்காத நேரத்திலேயே அதிகமாகப் பாழாக்குகிறார்கள். உதறி, உலர்ந்த இடத்திலே வைப்பது ஒரு நிமிஷ வேலை.

இனி நுரை. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்; வற்றாத ஆறு என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை; ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையே கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்று நீராகிறது. இறங்கும் வழியிலே அது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருவதால் வன்னீராகிறது. வன்னீரிலே சவர்க்காரத்தின் முதற்பகுதி கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படலமாக வீணாகிறது, எஞ்சியதே நுரையாகிறது. குச்சத்தை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நுரை எழாமல், கன்னத்திலே தயிர்த்திரள்போலப் பிரிந்து நிற்பதன் காரணம் இதுவே. பரிகாரமோ எளிது. இந்த வன்மையிலே ஒரு பகுதி, நீரைக் கொதிக்கவைத்தாற் படிந்துவிடும். எங்கள் வீட்டுக் கேத்தில்களின் உள்ளே கட்டியாக ஒட்டியிருக்கும் வெள்ளைக் கல் அதுதான். கொதித்து ஆறி இளஞ்சூடான ஒரு கோப்பை நீர், மயிரையும் இளக்கும், நுரையையும் எழுப்பும். மாரியிலே பிடித்துவைத்த மழைநீர் அதனிலும் நன்று. இந்த வசதி முகங்கழுவும் பேசினடியிலே உண்டு, கிணற்றடியிலே உண்டு; தாங்கியிலிருந்து வன்னீரை அப்படியே பொழிகின்ற ஷவரடியிலே இல்லை.

ஷவருக்கு உரிய நன்மைகளை நான் மறுக்கவில்லை. தாடி ஊற நேரம் கிடைக்கிறது. சிந்திய நுரையையும் மயிரையும் துடைக்கும் வேலை இல்லை. மார்பையும் கழுத்துப் பிடரியையும் சேர்த்துக் கழுவிவிடலாம். ஆனால் கண்ணாடியிலே ஆவி படிந்து முகம் மறைகிறது. சவர்க்காரத்தை மிக மெல்லிதாகக் கண்ணாடியிற் பூசித் துடைத்தால் நீர்த்துளி திரளாமற் படலமாகப் பரவுவதனால் ஓரளவு தெரியும். கண்ணாடியே வேண்டாம், விரலால் தடவியே வழிப்பேன் என்பவர்க்கு, மயிர் எத்திசை நோக்கி வளர்ந்திருக்கிறது என்பது தெரிந்திருக்கவேண்டும். தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே வளரும் என்றாலும், கன்னத்தில் ஒரு திசையும் தொண்டையில் வேறொரு திசையுமாக வளரும். எதிர்த்திசையிலே அழுத்தி ஒட்ட வழித்தால், சுருண்ட மயிருடையவர்க்கு வெட்டிய நுனி தோலுக்குள்ளேயே திரும்பிப் புகுந்து கொப்புளமாகும். கொதிநீரிலே வெகுநேரம் நின்று தோலின் இயற்கை எண்ணெயை எல்லாம் கழுவிவிட்டு வழிப்பதும் எரிச்சலுக்கே இடமாகும். பேசினடியிலோ வெளிச்சமும் கண்ணாடியும் நிதானமும் உண்டு. ஆனால் ஊறவைக்கும் பொறுமை பெரும்பாலோர்க்கு அங்கே வருவதில்லை.

எனினும், இந்த வழக்கைத் தீர்க்க வேண்டியது முகமன்று, கிணறு. அமெரிக்காவில் 1990களிலே நடைமுறைக்கு வந்த சட்டம் ஷவருக்கு விதித்த உச்ச அளவு நிமிஷத்துக்கு 2.5 கலன், அதாவது ஏறத்தாழ 9.5 லீற்றர். அந்தக் கணக்கிலே, நீரை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் முகம் வழிப்பவன் ஏறத்தாழ 47 லீற்றரைச் செலவழிக்கிறான். தகப்பனாரின் சவரத்துக்கோ ஒரு செம்புத் தண்ணீர் போதும். குடாநாட்டின் நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீபன் என்னும் ஒல்லாந்தரும் ஏர்ஸ்பேர்க் என்னும் செர்மானியரும் தனித்தனியே கண்டறிந்த விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும். மேலே ஓர் அடி குறைந்தாலோ கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். துலா மிதித்து அள்ளிய காலத்தில் மனிதக் கையின் சோர்வே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குச் சோர்வு இல்லை. 1990இல் மின்சாரம் நின்று, வடக்குக்குப் பொருள்தடையும் வந்து, சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த ஆண்டுகளிலே, நாங்கள் மறுபடியும் வாளியும் கயிறுமாக நின்றோம். அந்தத் துன்பத்தை எவரும் திரும்ப விரும்பார். ஆயினும் ஒரு வாளியின் கனம் என்ன என்பதைத் தோள் மறக்கவில்லை. நல்ல தண்ணீரைச் சவர்த் தண்ணீராக்கிவிட்டு ஷவரடியிலே வழித்த முகம் எவ்வளவு மழமழப்பாக இருந்தால்தான் என்ன?

ஆகவே, விசாரணையின் முடிவிலே நான் கண்ட முறை இதுதான். முதலில் முகமும் தலையும் நனைய நீர் விட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நீரை நிறுத்துக. நின்ற நீரோடு, நுரை பூசிய முகத்தோடு, கண்ணாடியின்முன் நிதானமாக, மயிர் போன திசையிலே வழித்து, அலகை ஒரு கோப்பை நீரிலே அலசுக. எல்லாம் முடிந்தபின் மீண்டும் நீரைத் திறந்து முழுகுக. இது ஷவரடியிலும் இயலும், பேசினடியிலும் இயலும்; எங்கும் காரியம் ஒன்றே.

இதை நான் எடுத்துரைத்த மறுநாட்காலை, மருமகப் பிள்ளை தானாகவே கிணற்றடிக்கு வந்தான். இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, ஆடுகாலிலே பழைய ஆணியில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்து வழித்தான். செம்பிலே அலசிய நுரைத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று திகைத்து நின்றபோது, தமையனார் வாழையடியைக் காட்டினார். பின்பு பையன் மறுபடியும் வாளியை இறக்கி முழுகத் தொடங்க, அவர் என் பக்கம் திரும்பி, "தோய்ஞ்சு போட்டுச் சேவ் எடுத்தவன், சேவ் எடுத்துப்போட்டும் தோயிறான். இப்ப சரிதானே?" என்றார்.